டிசெம்பரில் அலைச்சறுக்குக்கு எங்கே போவது?

கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணா, கனடாவிலிருந்து மச்சான் டிசெம்பர் 18 வருகிறான். மூன்று கிழமை நிற்பான். சேர்ஃபிங் பழகியே தீருவேன் என்று ஒரே பிடி. அறுகம்பேயில் அறை போடட்டா? அல்லது முல்லைத்தீவிலேயே டிசெம்பரில் ஆள் உயரத்துக்கு அலை அடிக்கிறதே, ஒரு பலகையை வாங்கி இங்கேயே இறங்கினால் என்ன?"

2024 ஒக்டோபர் 9

இரண்டும் வேண்டாம். கிழக்குக் கரை அறுகம்பே டிசெம்பரில் பாதி பூட்டிக் கிடக்கும். முல்லைத்தீவில் அந்த மாதம் கடலில் இறங்கவே கூடாது. மச்சானைத் தெற்குக் கரை வெலிகமவுக்குக் கூட்டிப் போங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன். வயலுக்கு உழவு யந்திரம் வந்து நிற்கிறது.

2024 ஒக்டோபர் 10

சரி, காரணம்.

எங்கள் ஆட்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். கார்த்திகை தொடக்கம் தை, மாசி வரை வாடை. இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டே இலங்கையில் எந்த மாதம் எந்தக் கரைக்குப் பலகையோடு போகலாம் என்று சொல்லிவிடலாம்.

சறுக்குவதற்கு நல்ல அலை, கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போதுதான் கிடைக்கும். வருகிற அலையின் முகத்தை அந்தக் காற்று தடவிக் கொடுக்கிறது, உடையாமல் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடிக்கிறது. கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசினால் அலை குழம்பி, வரும் வழியிலேயே நுரை தள்ளிச் சிதறிவிடும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் கிழக்குக் கரைக்கு அது தரைக்காற்று. ஆகவே மே தொடக்கம் செப்டெம்பர் வரை அறுகம்பே. வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்குக்கும் தென்மேற்குக்கும் அது தரைக்காற்று. ஆகவே நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வெலிகம, மிதிகம, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ.

முல்லைத்தீவு வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. வாடை நேரே முகத்தில் அறைகிறது. அந்த அலை பெரிதுதான். ஆனால் சறுக்க ஆகாது.

2024 ஒக்டோபர் 10, இரவு

"அலை பெரிதென்றால் நல்லதுதானே" என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். விளங்குகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலையின் உயரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். வாடைக்கு எங்கள் கரையில் அடிக்கும் அலை, பக்கத்து வங்கக்கடலிலேயே காற்று கிளப்பிவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு செக்கனுக்கு ஒன்று. ஒன்றில் அடிவாங்கி மூச்செடுப்பதற்குள் அடுத்தது தலையில் விழும். அறுகம்பேக்கு ஜூலையில் வரும் அலை அப்படியல்ல. தெற்கே 40, 50 பாகை அகலக்கோட்டுப் பக்கம் அந்தப் பகுதியின் மாரியில் புயல்கள் சுழல்கின்றன. அங்கே பிறந்த அலை ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீற்றர் ஓடி வருகிறது. 15 செக்கன் இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. நகரும். ஆகவே இன்று அங்கே புயல் என்றால் ஐந்தாறு நாளில் இங்கே அலை. வரும் வழியிலேயே சின்னச் சிலுசிலுப்பெல்லாம் உதிர்ந்து, ஒழுங்கான வரி வரியாக வந்து சேரும். ஆழ்கடலில் அந்த அலையின் ஒரு முடிக்கும் மறு முடிக்கும் இடையில் 350 மீற்றர் இருக்கும். எங்கள் வாடையின் ஆறு செக்கன் அலைக்கு அது 56 மீற்றர்தான்.

முன்னறிவிப்பு இணையத்தளங்களில் "1.2 மீற்றர், 14 செக்கன்" என்று போட்டிருந்தால் போகலாம். "2 மீற்றர், 6 செக்கன்" என்று இருந்தால் வீட்டில் இருங்கள்.

2024 ஒக்டோபர் 13

நேற்று அத்தானிடம் இதை வாசித்துக் காட்டினேன். முப்பது வருடமாகக் கடலில் நிற்கிற மனிதர். காற்றைப் பற்றி எழுதியது சரி என்றார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய் என்றார்: கரையின் வடிவம்.

முல்லைத்தீவுக் கரை நேராக நீண்டு கிடக்கிறது. வருகிற அலை ஒரே அடியாக நீளத்துக்கு மூடிவிடும். பலகைக்காரனுக்கு ஓட இடமில்லை. அறுகம்பேயில் தெற்குப் பக்கம் ஒரு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலை அதில் பட்டு வளைந்து, முனையிலிருந்து தொடங்கி ஒரு பக்கமாகவே உரிந்துகொண்டு வரும். நல்ல நாளில் அதில் ஏறினால் சில நூறு மீற்றர் போகலாம். அலைக்கு முதுகைக் கொடுத்துக் கரையைப் பார்த்தால் எப்போதும் வலப்பக்கம் போகும் அலை.

அவர் சொன்ன இன்னொன்று: மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பி வட்டுவாகல் பக்கம் முகத்துவாரம் திறந்துவிட்டால் உள்ளிருந்து வெள்ளம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் மண்ணிறமாக இருக்கும், கீழே என்ன ஓடுகிறது என்று தெரியாது. "எங்கட ஆட்களே அந்த நேரம் வள்ளத்தை இழுத்துக் கரையில் வைத்துவிடுவோம், நீ ஆரைப் பலகையோடு இறங்கச் சொல்லுறாய்?" என்று கேட்டார். நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

2024 ஒக்டோபர் 14

சோளகத்தில் முல்லைத்தீவு எப்படி என்று கேட்டவருக்கு: கடல் படுத்துக் கிடக்கும். தெற்கிலிருந்து வரும் அலையை முழு இலங்கையும் நடுவில் நின்று மறித்துவிடுகிறது. அதுதான் கரைவலைக் காலம். சூடை, கீரி, நெத்தலி மீன்கள் ஏறும். மேற்குக் கரைத் தொழிலாளர்கள் கொக்கிளாய், நாயாறு பக்கம் வந்து வாடி (குடில்) அடித்து நிற்பதும் அந்த மாதங்களில்தான். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க நல்ல காலம். பலகைக்கு ஒன்றுமில்லை.

2024 ஒக்டோபர் 19

விதைப்பு முடிந்தது. இனி மழை பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் நிதானமாக எழுதலாம்.

எனக்கு இந்த அலைச்சறுக்கு ஆசை எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். 2012 ஜூலையில் அம்மா கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனார். அவர் கேட்டபடி நான் உகந்தைமலை முருகனடிக்குச் சாமான் கொண்டு போனேன். பொத்துவிலில் பஸ் பிந்தியதால் அறுகம்பே பாலத்தைத் தாண்டி நடந்து முனைப்பக்கம் போய் நின்றேன். விடியற்காலை. காற்று முதுகுப் பக்கமிருந்து மெல்ல வீசிக்கொண்டிருந்தது. ஒரு பெடியன், அந்த ஊர்ப் பெடியன்தான், எங்கேயோ தூரத்தில் எழும்பி நின்று, கண்ணுக்கு முன்னால் அப்படியே வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்து இறங்கினான். பலகையை அக்குளில் செருகிக்கொண்டு திரும்ப நடந்தான்.

2004 மார்கழிக்குப் பிறகு கடலை நான் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முல்லைத்தீவில் எங்கள் தெருவில் என்ன மிஞ்சியது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அம்மா முள்ளியவளைக்கு வந்த பிறகு கடற்கரைக்குப் போகவே இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் மட்டும் போவார். அங்கே கடல்நீரில் விளக்கெரியும். அதற்குச் சிலாவத்தை தீர்த்தக்கரையில் நீர் எடுக்கப் போகிற கூட்டத்தோடுகூட அவர் போவதில்லை.

அந்தப் பெடியனைப் பார்த்தபோதுதான் கடலோடு இப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வருடம் நானும் போனேன்.

2024 ஒக்டோபர் 20

போய்ப் பட்டதையும் சொல்கிறேன், உங்கள் மச்சானுக்கு உதவும்.

முதல் தடவை ஓகஸ்டில் போனேன். அதுதான் உச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். உச்சம்தான், ஆனால் எனக்கில்லை. பிரதான முனையில் நாற்பது ஐம்பது பேர் ஒரே அலைக்குக் காத்து நின்றார்கள். கீழே பாறையும் முருகைக்கல்லும். எனக்கு எழும்பி நிற்கவே தெரியாது. யாரோ ஒருவரின் பலகையின் அடித்துடுப்பு புருவத்தைக் கிழித்து நான்கு தையல். பிழை என்னுடையது: அந்த இடத்தில் அந்த மாதத்தில் எனக்கு வேலையில்லை. பழகுகிறவனுக்கு உள்ளே குடாப் பக்கம் பேபி பொயின்ற் இருக்கிறது, வடக்கே விஸ்கி பொயின்ற் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை 2017 டிசெம்பர். வெள்ளாமைக்கு நடுவில் நான்கு நாள் லீவு கிடைத்தது. அறை எடுத்த இடத்தில் "சீசன் போய்விட்டது, ஆனால் அலை இருக்கும்" என்றார்கள், முழுக்காசையும் முன்பணமாக வாங்கினார்கள். போனால் நான்கு நாளும் அடைமழை. பலகை வாடகைக்குக் கொடுக்கிற கடை ஒன்றுதான் திறந்திருந்தது, அதுவும் மத்தியானம் வரை. வாடை கரையை நோக்கி வீசியது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று என்று இலங்கையின் அரைவாசியைச் சுற்றிப் போய், எங்கள் வீட்டு வாசலில் அடிக்கிற அதே குழம்பிய அலையைப் பார்த்துவிட்டு வந்தேன். தம்பி, அறுகம்பேயில் டிசெம்பருக்கு அறை போடாதே என்று முதல் நாளே எழுதியது இதனால்தான்.

2024 ஒக்டோபர் 22

ஒரு திருத்தம். நான் 10ஆம் திகதி எழுதியதை வாசித்தால், சோளகத்தில் தெற்குக் கரையில் அலையே இல்லை என்பதுபோல் இருக்கிறது. மாத்தறையில் வேலை செய்கிற ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. ஜூன், ஜூலையில் தெற்குக்கு வரும் அலை டிசெம்பரில் வருவதைவிடப் பெரிது. ஆனால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசி அதைக் குழப்பிவிடுகிறது. தென்சமுத்திரத்து அலை வருடம் முழுக்க, சில மாதம் கூட, சில மாதம் குறைய, வந்துகொண்டேதான் இருக்கும். பருவத்தைத் தீர்மானிப்பது காற்று.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் வேறு நாட்டுக்கும் பொருந்தும். பாலித்தீவில் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை வறண்ட காலம், மேற்குப் பக்கம் நல்லது. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழையும் மேற்குக் காற்றும், கிழக்குப் பக்கமான சானூர், நூசா துவாவுக்குப் போவார்கள். எங்கள் அறுகம்பே, வெலிகம கதைதான்.

2024 ஒக்டோபர் 22, பிற்பகல்

மன்னார்க்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார், வன்னி என்றால் முல்லைத்தீவு மட்டுமா என்று. நியாயம். மன்னாரில் காற்றுக்குக் குறைவில்லை. தீவின் தென்கரை நெடுக நிற்கிற தம்பபவனி காற்றாலைகள் 30ஐயும் பார்த்தாலே தெரியும். ஆனால் கடல் ஆழமில்லை, சறுக்குவதற்கு ஏற்ற நீண்ட அலை அவ்வளவாக வராது. அங்கே பட்டம் கட்டி இழுபடுகிற கைற் சேர்ஃபிங்குக்குச் சோளக மாதங்கள் அருமை. கற்பிட்டியும் அப்படித்தான். அதற்கு அலை தேவையில்லை, தட்டையான தண்ணீரும் விடாத காற்றும் போதும். மச்சான் அதையா கேட்கிறார், இதையா என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள் தம்பி.

2024 ஒக்டோபர் 23

அலைச்சறுக்கைத்தானாம். சரி.

2024 நவம்பர் 2

எது மிக நல்ல மாதம் என்று ஒரே சொல்லில் கேட்கிறீர்கள். இரண்டு சொல் தருகிறேன்.

எழும்பி நிற்கத் தெரியாதவருக்கு: பெப்ரவரி, மார்ச், வெலிகம. அடியில் மணல், விழுந்தால் நோகாது. குடா அலையை அடக்கி இடுப்பளவாக உள்ளே விடும். வாடை தணிந்துவருகிறது, மாரி மழை இல்லை. மெத்தென்ற பெரிய பலகை, எட்டு ஒன்பது அடி, மணிக்கணக்குக்கு வாடகைக்குக் கிடைக்கும். எங்களுக்கு இன்னொரு வசதி: காலபோக அறுவடை முடிந்திருக்கும், கையில் கொஞ்சம் காசும் மனதில் கொஞ்சம் ஓய்வும் இருக்கும்.

எழும்பி நின்று பக்கமாகத் திருப்பத் தெரிந்தவருக்கு: செப்டெம்பர், அறுகம்பே. ஓகஸ்ட் கூட்டம் கலைந்திருக்கும், அறை விலை இறங்கியிருக்கும், அலை இன்னும் வந்துகொண்டிருக்கும். பொத்துவில் பொயின்ற் போன்ற இடங்களில் பருவம் ஏற ஏற மணல் சேர்ந்து அலையும் ஒழுங்காகும். ஒக்டோபரை நம்பாதீர்கள். முதல் கிழமை கிடைத்தாலும் கிடைக்கும், அதற்குப் பிறகு காற்று மாறும்.

இரண்டு இடத்திலும் விடியற்காலை. ஆறு மணிக்குத் தண்ணீரில் நில்லுங்கள். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு தரை சூடேறிக் கடற்காற்று தொடங்கிவிடும். ஒரு கிழமை போய் எல்லா நாளும் ஒன்பது மணிக்கு எழும்பியவர், சரியான பருவத்தில் பிழையான அலையைத்தான் பார்த்திருப்பார்.

2024 நவம்பர் 3

நேற்று எழுதியதில் எனக்கே ஒன்று உறுத்துகிறது. பெப்ரவரி நல்லது என்கிறேன், தம்பியின் மச்சானோ டிசெம்பரில்தான் வருகிறார். வேலை லீவு அப்படி. நல்ல பருவம் எது என்று மட்டும் சொல்லி ஆளை அனுப்பிவிடுவது உதவியாகாது.

ஆகவே: அவர் வந்ததும் முதல் இரண்டு கிழமையும் உங்களோடு இருக்கட்டும். நத்தாரிலிருந்து புதுவருடம் வரை தெற்கில் அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. ஜனவரி 2, 3 அளவில் இறங்குங்கள். திரும்புவதற்கு முன் ஐந்து நாள் கிடைக்கும். கிளிநொச்சியில் ரயில், கொழும்பு கோட்டையில் இறங்கி மாத்தறை ரயில், வெலிகமவில் ஸ்டேஷனிலிருந்து கடற்கரை ஓட்டோவுக்குக்கூடத் தேவையில்லாத தூரம். கடல் பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம்.

நீளக்கைச் சட்டை கட்டாயம். கனடாத் தோல் இரண்டு மணித்தியாலத்தில் உரிந்துவிடும். தண்ணீர் 27, 28 பாகை, குளிருக்கு எதுவும் வேண்டாம்.

2024 நவம்பர் 28

மூன்று நாளாக மழை. வங்கக்கடல் தாழமுக்கம் கரையோரமாக வடக்கே ஊர்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் வயலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், விதைத்ததில் எவ்வளவு மிஞ்சும் என்று வடிந்த பிறகுதான் தெரியும். மன்னார், வவுனியாப் பக்கமும் இதே கதை. எல்லோரும் கவனமாக இருங்கள்.

மாலையில் அத்தானோடு கரைக்குப் போய்ப் பார்த்தேன். அலை ஆள் உயரத்துக்கு மேல். எண்ணிப் பார்த்தேன், ஏழு செக்கன். மண்ணிறம். தம்பி முதல் நாள் கேட்டது இந்தக் கடலைத்தான். படமெடுத்து அவருக்கு அனுப்பினேன்.

2024 நவம்பர் 30

சிலர் புதிதென்று எழுதுகிறார்கள், ஆனால் இந்தக் காலத்துப் புயல் எங்களுக்குப் புதிதல்ல. 1964 டிசெம்பர், 1978 நவம்பர், 2008 நவம்பர் நிஷா, 2020 டிசெம்பர் புரெவி: எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள். புரெவி கரையேறியதே திருகோணமலைக்கும் எங்களுக்கும் நடுவில். வடக்குக் கிழக்குக் கரையில் நவம்பர், டிசெம்பருக்கு யாராவது கடல் விளையாட்டுப் பயணம் போட்டால் முதலில் வானிலைத் திணைக்கள அறிவித்தலைப் பாருங்கள், பிறகு அறையைப் பாருங்கள்.

2025 ஜனவரி 9

தம்பியும் மச்சானும் வெலிகமவிலிருந்து திரும்பிவிட்டார்கள். முதல் நாள் முழுக்க விழுந்தாராம். இரண்டாம் நாள் முழங்காலில் நின்றாராம். நான்காம் நாள் காலை ஆறரைக்கு எழும்பி நின்று கரை வரைக்கும் வந்துவிட்டாராம். காணொளி ஏழு செக்கன்தான் ஓடுகிறது, நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. சொறிமுட்டை (ஜெல்லி மீன்) காலில் சுட்டதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதை நான் சொல்ல மறந்துவிட்டேன்: தெற்கில் அந்த மாதங்களில் சில நாள் சொறிமுட்டை வரும். வினாகிரிப் போத்தல் ஒன்று பையில் இருக்கட்டும்.

தம்பியும் இறங்கினாராம். அதை அவர் என்னிடம் முதலில் சொல்லவில்லை, மச்சான்தான் சொன்னார்.

2025 மார்ச் 3

அறுவடை முடிந்தது. நவம்பர் வெள்ளத்தில் மேட்டு வயல் தப்பியது, பள்ளம் போய்விட்டது. இருந்தாலும் வெலிகமவுக்குப் போகிறேன். அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது, அவனுக்கு முதல் தடவை.

டிக்கெட் போடும்போது அம்மா பக்கத்தில் இருந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். அந்தக் கடல் எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்கிறது என்று கேட்டார். தெற்கு என்றேன். இடுப்பளவு அலைதான், மணல்தான், வாடையும் அடங்கிவிட்டது என்று நவம்பரில் உங்களுக்கு எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, ரயிலில் கடல் பக்கம் வலதா இடதா என்று கேட்டார். மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன்.